இரண்டு கை தவிடு

என் தம்பி மீன்களைப் பட்டினி போடுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. புத்திதான் இல்லை.

அவன் சாயப்பட்டறையில் பதினெட்டு வருஷம் சாயம் கலந்தவன். ஒரு நாள் நீலம் கூடிப்போய் ஒரு லோடு துணி வீணானது. "இவன் கை தப்பிப்போச்சு, இனி நம்ப முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லி மேஸ்திரி அனுப்பிவிட்டார். மறுநாள் நான் மேஸ்திரியிடம் போய், காய்ச்சல் மாத்திரை கொடுத்தது நான்தான், அந்த மயக்கத்தில் கலந்துவிட்டான் என்று ஒரு கதை அளந்தேன். மாத்திரையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பட்டறையே சிரித்தது. சின்ன வயதில் அவன் உடைத்த பாத்திரத்துக்கெல்லாம் நான் பழி ஏற்று அடி வாங்கியவள். பழக்கதோஷம், போகவில்லை.

எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பிறகு ஒரு நாள் எழுந்து, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினான். நூற்றைம்பது திலாப்பியா குஞ்சு விட்டான். ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும் வாங்கினான். உயிர் வந்துவிட்டது என்று நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை பார்ப்பான். வாளியில் தண்ணீரோடு பத்து மீனை நிறுத்து, சராசரி பிடித்து, நூற்றைம்பதால் பெருக்குவான். மொத்த எடையில் நூற்றுக்கு நாலு பங்குதான் ஒரு நாள் தீனி. அதையும் இரண்டாகப் பிரித்துக் காலை ஒன்பதுக்குப் பாதி, மாலை நாலுக்குப் பாதி. மிதக்கிற குருணைத் தீனி மட்டும்தான். கால் மணி நேரத்தில் தின்று தீர்க்க வேண்டும். மிஞ்சினால் வலையால் அள்ளிவிடுவான்.

"ஒரு வேளைக்கு நூத்தியெண்பது கிராமா? நூத்தம்பது வாய்க்கா? ஏன்டா, நீ கொடுக்கறது பல் குத்தக்கூடக் காணாதே" என்றேன்.

"அதுங்க எப்பவும் பசின்னுதான் சொல்லும்க்கா. கேக்கறதையெல்லாம் கொடுத்தா செத்துப்போகும்."

"உனக்கும் அப்படித்தான் சோறு போட்டேன். செத்தா போயிட்டே?"

சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஆனால் மதியம் அவன் கண்ணயர்ந்த நேரத்தில் துணி அலசப் போனால், என் நிழல் விழுந்ததுமே மொத்தக் கூட்டமும் மேலே வந்து வாயைப் பிளக்கும். எனக்கு மனசு கேட்காது. மிஞ்சின சோற்றில் தவிட்டைப் பிசைந்து இரண்டு கை போட்டேன். மறுநாளும் போட்டேன். அப்புறம் அது தினப்படி வேலையாகிவிட்டது. உருண்டை அடியில் போய்விடும், தண்ணீரோ பச்சை. யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே இருக்கும் வேறொரு பட்டறைக்காரர் ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை வந்து ஒரு கலவை போட்டுக் காட்டட்டும், சரியாக வந்தால் வேலை.

"ஞாயித்துக்கிழமை எடை பாக்கற நாள். நான் போட்ட கணக்குப்படி மீன் வளந்திருந்தா போறேன். இல்லேன்னா வேணாம்" என்றான்.

"மீனுக்கும் சாயத்துக்கும் என்னடா சம்பந்தம்?"

"ரெண்டும் அளவுதான்க்கா."

நான் அவனுடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினேன்.

அந்த வாரம்தான் மாலைத் தீனி மிதந்தபடியே கிடக்க ஆரம்பித்தது. அவன் அள்ளிக் காயவைத்து நிறுத்தான். அறுபது கிராம் மிச்சம். மறுநாள் குறைத்தான், அப்போதும் மிச்சம். தீனி பூத்துப்போயிருக்கும் என்று மூட்டையை மோந்து பார்த்தான். வேறு கடையில் வேறு மூட்டை வாங்கினான். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தராசில் வைத்துச் சோதித்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா நான்? எனக்குத் தோன்றியது வேறு. அந்த வறட்டுக் குருணையை விட என் உருண்டைதான் மீனுக்குப் பிடித்திருக்கிறது! பெருமையாகக்கூட இருந்தது. என் தலையில் இடி விழ.

வியாழக்கிழமை மேகம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் காற்று குறைந்துவிடும், இரையும் செரிக்காது என்று அவன் தீனியைப் பாதியாக்கினான். வெள்ளிக்கிழமை ஒரு வேளைதான். சனிக்கிழமை ஒன்றுமே போடவில்லை. வாயில்லாத ஜீவனை இப்படி வதைக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டு கைக்குப் பதில் நாலு கை போட்டேன்.

ஞாயிறு விடியும்போது தொட்டியிலிருந்து சளப் சளப்பென்று சத்தம் வந்தது. போய்ப் பார்த்தேன். அத்தனை மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்றுதான் அப்போதும் நினைத்தேன். தவிட்டுச் சட்டியை எடுக்கத் திரும்பியவளை இடித்துத் தள்ளிக்கொண்டு தம்பி ஓடி வந்தான்.

"பசியில்லக்கா, மூச்சு முட்டுது!"

குழாயைத் திறந்தான். வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்துக் கொட்டினான். அவன் கலக்கக் கலக்க அடியிலிருந்து கறுப்பாக ஏதோ எழும்பி அழுகல் நாற்றம் அடித்தது. எட்டு மணிக்குள் வெள்ளை வயிறுகள் மிதந்துவிட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். "மூணு நாளா குறைச்சுத்தான் போட்டேன். எங்கயோ தப்பியிருக்கு. மேஸ்திரி சொன்னது சரிதான்" என்றான்.

"இல்லடா, நான்தான் போட்டேன். தினமும் மதியம் நீ தூங்கறப்போ, தவிடும் சோறும் பிசைஞ்சு. உன் கணக்கு தப்பவே இல்ல."

என் முகத்தையே பார்த்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

"எவ்வளவு போட்டே?"

"ரெண்டு கை. நேத்து நாலு கை."

"ரெண்டு கைன்னா எத்தனை கிராம்?"

எனக்குத் தெரியவில்லை. உப்போ, மாவோ, நான் எதைத்தான் நிறுத்துப் போட்டிருக்கிறேன்?

"பாத்தியா, பொய் சொல்றதுலகூட உனக்கு ஒரு அளவு தெரியல" என்றான் மெதுவாக. "அன்னைக்கு மாத்திரை, இன்னைக்குத் தவிடு. போதும்க்கா. இன்னும் எத்தனை நாளைக்கு எனக்காகப் பொய் சொல்லுவே?"

"சத்தியமா சொல்றேன்டா!"

"மேஸ்திரிகிட்டயும் சத்தியம்தான் பண்ணினே."

சட்டியைக் கொண்டுவந்து காட்டினேன். திருட்டுத்தனமாகச் செய்கிறவளுக்கு எச்சரிக்கை அதிகம். அன்றன்றைக்கே பளிச்சென்று கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அதில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. பட்டறைக்காரர் அனுப்பிய ஆள் பத்து மணி வரை வாசலில் நின்றுவிட்டுப் போனான். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தராசை அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்து, "சமையலுக்கு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவன்.

மதியம் மிஞ்சின சோற்றில் தவிட்டைப் போட்டுப் பிசைந்தேன். எப்போதும் அள்ளுகிற மாதிரியே இரண்டு கை அள்ளித் தராசில் வைத்தேன். அவன் ஒரு வேளைக்குப் போடுகிற தீனியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. அறை வாசலில் போய் நின்றேன்.

"நானூத்திப் பத்து கிராம்டா. ரெண்டு கை, நானூத்திப் பத்து."

"சரிக்கா" என்றான், திரும்பாமலே.