முப்பது நாளில் ரிட்டன்

கந்தப்பன் ஒரு கால்சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது தபால்காரர் நீளமான கவர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். மேலே அரசாங்க முத்திரை, உள்ளே எல்லாம் இங்கிலீஷ். இலங்கை மலையகத்து வட்டகொடை கடைவீதியில், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா முதல் கங்காணிவரை எல்லாருடைய இடுப்பளவும் அந்தத் தையல்காரருக்கு மனப்பாடம். இங்கிலீஷ்தான் சுத்தமாக வராது.

எதிர் டீக்கடை பெஞ்சில் செல்லசாமி உட்கார்ந்திருந்தார். மனு எழுதுவதும், "பெரிய இடத்தில்" சொல்லிக் காரியம் முடிப்பதாகக் காசு வாங்குவதும் அவர் பிழைப்பு. கந்தப்பன் கொண்டுபோய் நீட்டிய தாளைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"கந்தப்பா, இது ரிட்டன் பேப்பருப்பா. முப்பது நாள்தான் கெடு."

கந்தப்பன் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இலங்கை அரசாங்கம் ஒப்பந்தம் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், அதே பேச்சு. அவரோ பிறந்ததே பக்கத்துக் கொத்மலையில். இந்தியாவைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டதோடு சரி.

"அண்ணே, கப்பலேத்திருவாங்களா?"

"பின்ன? கண்டியில நமக்கு ஆள் இருக்கு. முந்நூறு ரூபா ஆகும். மெஷின வித்தாவது கட்டிப்புடு."

அது வெறும் வருமான வரித் தாள் என்று செல்லசாமிக்கு நன்றாகவே தெரியும். உள்ளதைச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்?

கந்தப்பன் மெஷினைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் மனைவி அழகம்மாவுக்கு எரிச்சலாக வந்தது.

"ஏங்க, மெஷின வித்துட்டு இங்க இருந்து என்னத்த திம்போம்? கண்டியிலருந்து வந்ததுன்னு தபால்காரரு சொன்னாருல்ல, அனுப்புனவங்களையே போயி கேப்போம், வாங்க."

மறுநாள் ஸ்டேஷனில் அவள், "கண்டிக்கு ரெண்டு ரிட்டன் குடுங்க" என்றாள்.

"அடியே, அந்த வார்த்தைய சொல்லாத!"

"ஐயோ சாமி! ரிட்டன் டிக்கெட்டுன்னா திரும்பி வர்றதுங்க. வரத்தானே போறோம்?"

கண்டி வரிக் கந்தோரில் மகாலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இருந்தார். கந்தப்பன் போன வேகத்தில் கையைக் கூப்பிவிட்டார்.

"ஐயா, நான் எங்கயும் போகமாட்டேங்க! பொறந்தது இங்கதாங்க!"

மகாலிங்கம் தாளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்களை ஆர் போகச் சொன்னது? நீங்கள் சொந்தமாத் தொழில் செய்யிறீங்கள். போன வருசம் எவ்வளவு உழைச்சனீங்கள் எண்டு எழுதித் தரவேணும். அந்தத் தாளுக்குப் பேர்தான் ரிட்டன். கணக்குப் புத்தகம் கொண்டந்தனீங்களோ?"

அழகம்மா பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இது இடுப்புக் கணக்கெல்லோ!" என்றாலும் அந்த மனுஷன் பொறுமையாகக் கால்சட்டைகளை எண்ணினார். தையல் கூலியால் பெருக்கி, நூலையும் கடை வாடகையையும் கழித்தார். "உங்கட வருமானத்துக்கு வரியே இல்லை. கையெழுத்தைப் போடுங்கோ. உங்களை நம்பி இருக்கிறவை ஆர்?"

கந்தப்பன் மனைவியைப் பார்த்தார். "நாந்தாங்க இவள நம்பி இருக்கேன்."

"அதை எழுத இதில இடமில்லை" என்று மகாலிங்கம் மறுபடி சிரித்தார். கந்தப்பனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே செல்லசாமி ஒரு ஆளோடு வந்து நின்றார். "கந்தப்பா, மெஷினுக்கு ஆள் கொண்டாந்திருக்கேன்."

"மெஷின் விக்கிறதுக்கில்லண்ணே. ரிட்டன் குடுத்தாச்சு. ரயில் காசுதான் செலவு." கந்தப்பன் டீக்கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "புரியாத கடுதாசி வந்தா என்னை மாதிரி பயந்து தரகர்கிட்ட ஓடாதீங்கப்பா. அனுப்புன கந்தோருக்கே நேரா போயி கேளுங்க. நேரா கேக்குறதுக்குப் பயந்து நான் மெஷினையே தொலைக்கப் பாத்தேன்."

செல்லசாமி நைசாக நழுவப் பார்த்தார். அழகம்மா விடுவாளா?

"அண்ணே, நில்லுங்க. நோட்டுல 'செல்லசாமி, புரோக்கர், இடுப்பு நாப்பத்திரண்டு'ன்னு இருந்துச்சா, ஐயா அதையும் பாத்தாரு. இவரும் சொந்தத் தொழில்தானேன்னு கேட்டு, பேர எழுதிக்கிட்டாரு. ஒங்களுக்கும் ஒரு ரிட்டன் வருமாம். பயந்துறாதீங்க, நேராவே போயி கேட்டுக்கங்க!"