முழுக்க நனைத்த பை

மூன்று மணிக்கு பெங்களூரிலிருந்து ஹரிபிரசாத் வருகிறார். டைரியோடு சேர்த்துக் கொடுக்க அவருக்குத் தோல் பைகள் வேண்டும். மாதிரிப் பை பிடித்துப்போனால், திருத்தங்கல் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் முருகேஸ்வரியின் பொறுப்பில் பை தைக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்குவதாக முதலாளி கனகசபாபதி சொல்லியிருந்தார்.

அந்த மாதிரியைப் பத்து நாள் வீட்டில் உட்கார்ந்து தைத்திருந்தாள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் கிழிந்திருந்தது காலையில் வேனை விட்டு இறங்கி ஐப்பசி மழையில் ஓடி வந்த பிறகுதான் தெரிந்தது. தேன் நிறத் தோலில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று கறுப்புத் திட்டுகள்!

துணி எடுத்து வருவதற்குள் மேசையில் பையைக் காணோம். மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்தது. மாடிக்கு ஓடினாள். கூட வேலை பார்க்கும் கருப்பம்மாள் பையை வெயிலில் காயப் போட்டிருந்தாள்.

"யக்கா, எடுங்க! வெயில் பட்டா தோலு விறைச்சு வெடிச்சிரும்!"

கருப்பம்மாள் இருபது வருடம் சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி காயப்போட்டவள். "நனைஞ்சதை வெயில்ல போடாம அடுப்புலயா போடுவாக?"

"இது தீக்குச்சி இல்லக்கா, தோலு!"

கீழே மிஷின்காரர் ஜெயபாண்டி வீணாய்ப்போன காலண்டர் தாள்களை அள்ளி வந்தார். "இதை உள்ள திணி, ஈரத்தை உறிஞ்சிரும்."

"மை ஒட்டிக்கிரும்ணே. கட்டிங்ல விழுற வெள்ளைத் தாள் துண்டு குடுங்க."

ஒரு சாக்கே வந்தது. உள்ளே திணித்துப் பையை நிமிர்த்தினாள். பிறகு துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, நனையாத இடங்களையும் நனைக்க ஆரம்பித்தாள்.

"ஏ புள்ள, கிறுக்கு புடிச்சிருச்சா? நனைஞ்சது பத்தாதுன்னு குளிப்பாட்டுறியே!"

"திட்டுத்திட்டா காஞ்சா கறை நின்னுரும்க்கா. எல்லாம் ஒண்ணுபோல நனைஞ்சு ஒண்ணுபோலக் காயணும்."

"இதுக்கு முந்தி செஞ்சு பாத்திருக்கியா?"

"சின்னத் துண்டுல." குரல் இறங்கியது.

பை மின்விசிறிக்கு அடியில் தொங்கியது. அரைமணிக்கொரு தரம் காகிதத்தை மாற்றினாள். பன்னிரண்டு மணிக்குப் பை முழுவதும் கறுத்திருந்தது. ஒரு மணிக்கும் அப்படியே. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்குக் கருப்பம்மாள் அலறினாள்.

"வெளுக்குது! ஏ, வெளுக்குது, வந்து பாருங்க!"

இரண்டே முக்காலுக்கு நிறமில்லாத பாலிஷை மெல்லிசாகத் தேய்த்து முடித்தாள். வாசலில் கார் நின்றது.

ஹரிபிரசாத் பையைத் திறந்தார், மோந்து பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். "எல்லாம் சரி. மழையில நனைஞ்சா தாங்குமா?"

கருப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில நனைஞ்சது சார்," என்றாள் முருகேஸ்வரி. "எங்கன்னு நீங்களே கண்டுபிடிங்க."

முதலாளிக்கு முகம் வெளிறியது. ஹரிபிரசாத் பையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலையே!" என்றார். "ஐந்நூறு பை தைச்சிருங்க. நனைஞ்சா என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சீட்டு அச்சடிச்சு வைக்கணும். அதை எழுதுறது நீங்கதான்."

கூடமே கத்தியது. முருகேஸ்வரி பென்சிலைத் தேடி எடுத்தாள்.

"எத்தனை வரி இருக்கலாம் சார்?"