பதினெட்டு விநாடிக் கோட்டு

மெர்வின் ஹால்டேன் பேனாக்கத்தியை விரித்தபோது அவர் ஆட்டுக்கறியை வெட்டப்போகிறார் என்றுதான் மேசையிலிருந்த மற்ற மூவரும் நினைத்தார்கள். அவர் கோட்டை வெட்டினார். மடியில் கிடந்த புது மஞ்சள் கோட்டின் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இதுல என் கம்பளி எங்க இருக்கு?"

மகள் ஜில்லியன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் அவள் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்தில் அந்தத் துணி உருவாகப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அதில் தைத்த கோட்டுகள் ஆறே ஆறு. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் உடுத்திப் பார்ப்பதற்காக அன்று காலைதான் காரில் கொண்டுவந்திருந்தாள்.

"அப்பா, அது ஆறுல ஒண்ணு," என்றான் தம்பி ரஸ்ஸல்.

"கேட்டதுக்குப் பதில் வரல."

"உள்பக்கம் இருக்கிற பின்னல் முழுக்க நம்ம கம்பளிதான்," என்றாள் ஜில்லியன். "நடுவுல தெரியுதே வெள்ளையா, அது படலம். மேல இருக்கிறது தீப்பிடிக்காத நெசவு. மூணும் ஒட்டியிருக்கும். கத்தி போட்டாத்தான் பிரியும்."

மெர்வின் உள்பின்னலை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் இளகியது. "நல்ல கம்பளி," என்றார். கோட்டை மனைவி ஜாய்ஸிடம் நீட்டினார். "இத ஒரு தையல் போட்டுக் குடு."

ஜாய்ஸ் வாங்கிக்கொண்டாள். தைத்தாலும் அந்த இடத்தில் இனி தண்ணீர் இறங்கும் என்று ஜில்லியன் சொல்லவில்லை. அந்தக் கோட்டு சோதனைக்கு உதவாது என்று மனசுக்குள் கணக்கை ஐந்தாக்கிக்கொண்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. மூன்று தலைமுறையாக ஹால்டேன் குடும்பத்தின் கையிலிருந்த அந்த நிலத்தில் பதினைந்து வயதிலேயே ஆண்பிள்ளை வேலை அத்தனையும் செய்தவள். மந்தை ஓட்டுவாள், ஆட்டுக் குளம்பு சீவுவாள், மயிர் கத்தரிக்கும் நாட்களில் கொட்டகையில் நின்று கம்பளியைக் கையால் தொட்டே தரம் பிரிப்பாள். தம்பி எட்டு வயது இளையவன். அவளுக்கு இருபத்தொன்று நடந்தபோது மெர்வின் ஒருநாள் வேலியோரத்தில் நின்றபடி, "இந்த நிலம் ஒரு குடும்பத்தத்தான் தாங்கும் ஜில்," என்றார். எந்தக் குடும்பம் என்று சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லவேண்டி வந்ததில்லை. பையனுக்கு நிலம், பெண்ணுக்குப் படிப்பு, கல்யாணம், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டு ஒரு விருந்து. ரஸ்ஸலுக்கு அப்போது பதிமூன்று வயது. ஆட்டைக் கண்டால் தும்முவான். ஜில்லியன் ஜீலாங்குக்குப் போய்த் துணிநுட்பம் படித்தாள். கம்பளியை விட்டுப் போக அவளால் முடியவில்லை.

கோட்டு யோசனை வந்தது அப்பாவால்தான். இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு புல்வெளித் தீயில் அவர் மயங்கி விழுந்தார். தீ அவரைத் தொடவேயில்லை. கனமான கோட்டுக்குள், வெளியேற வழியில்லாத சொந்தச் சூட்டிலேயே வெந்துபோனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் பிதற்றியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜில்லியன், வெளியே இருக்கும் நெருப்பை உள்ளே விடாத, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடும் துணி ஒன்று வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

சொல்வது எளிது. நடுப் படலம் வெங்காயச் சருகைவிட மெல்லியது. அதன் துளைகள் வியர்வை ஆவியாகப் போகப் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையப் போதாது. அதை மேலும் கீழும் ஒட்டுவதில்தான் உயிர் போயிற்று. பசையை முழுக்கத் தடவினால் துணி மூச்சுவிடவில்லை. புள்ளி புள்ளியாக வைத்தால் பத்தாவது சலவையில் தோல் உரிவதுபோல் உரிந்தது. புள்ளியின் அளவை மாற்றினாள், இடைவெளியை மாற்றினாள், பசையையே மாற்றினாள். ஒட்டி, துவைத்து, கொளுத்திப் பார்த்தாள். நாற்பத்தொன்றாவது துணி ஐம்பது சலவை தாங்கியது. தீக்கொழுந்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கும் தோல் கொப்பளிக்கப் பதினெட்டு விநாடி ஆகும். பழைய கோட்டில் ஏழு.

அங்கே கோடை உச்சமான பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில், வடக்குக் காற்றோடு தீ வந்தது. கோட்டு எப்படி இருக்கிறதென்று குறிப்பெடுக்க ஜில்லியன் ஊருக்கு வந்திருந்தாள். தீயணைப்பு வண்டியில் ஏறப் பெண்களுக்கு இடமில்லை. அவர்கள் ஊர்க் கூடத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். வண்டிகளோடு பேசுகிற ரேடியோவில் ஜாய்ஸ் உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாக அது அவள் நாற்காலி. பக்கத்து முக்காலியில் ஜில்லியன்.

தொண்டர் படையின் தலைவர் மெர்வின் முதல் வண்டியோடு கிழக்கே இருந்தார். ரஸ்ஸலும் பக்கத்து நிலத்துக்காரன் டிரெவரும் இரண்டாவது வண்டியில் தெற்கே. ரஸ்ஸல் புதுக் கோட்டு போட்டிருந்தான். டிரெவர் பெருத்த ஆள். ஐந்தில் எதுவும் அவனுக்குப் பூட்டவில்லை. பழையதோடு போயிருந்தான்.

இரண்டரை மணிக்குக் காற்று மாறியது.

"அம்மா, இங்க திரும்பிருச்சு," என்றது ரஸ்ஸலின் குரல். "வண்டி ஸ்டார்ட் ஆகல. நாங்க..."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஜில்லியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்காமலிருக்க முடியவில்லை. கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு எண் அவளுக்குத் தெரிந்திருந்தது. விநாடி முள் பதினெட்டைத் தாண்டிப் போயிற்று. பத்தொன்பது. இருபது. அவள் வைத்த பசைப் புள்ளிகள் இப்போது இளகுகின்றன. படலம் சுருங்குகிறது. கம்பளி கருகுகிறது. அவளால் செய்யக்கூடியதையெல்லாம் அவள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டாள். இனி செய்ய ஒன்றுமே இல்லை.

"ரஸ்ஸல், கேக்குதா?" என்றாள் ஜாய்ஸ். அரை நிமிடத்துக்கு ஒருமுறை, ஏறாமல் இறங்காமல், அதே குரலில். "ரஸ்ஸல், கேக்குதா?"

பின்னால் பெண்கள் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. தின்ன ஆளில்லாத ரொட்டி மேசையில் உயர்ந்துகொண்டே போயிற்று.

பதினோரு நிமிடம் கழித்துக் கரகரத்த ஒரு குரல், "தீ தாண்டிப்போன கருகின பக்கத்துக்கு வந்துட்டோம்மா," என்றது. "எனக்குக் கை மட்டும்தான். டிரெவருக்குத் தோள் போச்சு."

டிரெவர் மேல் விழுந்த நெருப்பைக் கையுறையில்லாமல் தட்டி அணைத்திருந்தான் ரஸ்ஸல். கோட்டின் மேல் நெசவு கரித்துணியாகியிருந்தது. உள்ளே அவன் முதுகில் ஒரு கொப்புளமும் இல்லை.

ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஊர்க் கூடத்தில் நன்றி சொல்ல ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். மெர்வின் பேச எழுந்தார். மேடையில் பேசிப் பழகாதவர். "எங்க மண்ணுல மேய்ஞ்ச ஆடு," என்றார். "அதோட கம்பளி என் புள்ளையக் காப்பாத்திச்சு. வேற நான் என்ன சொல்ல." எல்லாரும் கைதட்டினார்கள். ஜில்லியனும் தட்டினாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வக்கீல் எழுதினது. நிலம், வீடு, மந்தை எல்லாம் ரஸ்ஸல் பேருக்கு. பின்னால பங்குன்னு கேக்கமாட்டேன்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

நம் பக்கத்தில் அதை விடுதலைப் பத்திரம் என்பார்கள்.

"இப்ப என்னப்பா அவசரம்?"

"அன்னிக்கு அந்தப் பதினோரு நிமிஷம் நானும் ரேடியோவக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் மெர்வின். "எதையும் எழுதி வைக்காம விட்டுட்டேனேன்னு அப்பத்தான் உறைச்சுது. இனிமே தள்ளிப்போட மாட்டேன்."

ரஸ்ஸல் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான். "ஜில்லுக்குப் பாதியாவது..." என்றான்.

"பாதியாப் பிரிச்சா ரெண்டு பேரும் பட்டினிடா. உனக்குத் தெரியாதா?"

அது பொய்யில்லை. கம்பளி விலை விழுந்து, விற்காத ஆடுகளைத் துப்பாக்கியால் சுட்டுக் குழியில் தள்ளிய வருடங்கள் அவை. அந்த வழக்கத்தின் பலமே அதில்தான் இருந்தது. அதன் கணக்கு எப்போதும் சரியாக வரும்; கழிக்கப்படுகிற ஆள்தான் எப்போதும் ஒரே ஆள்.

ஜில்லியன் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு ரஸ்ஸல் திரும்பி வரலேன்னா, நிலம் யாருக்குப் போயிருக்கும்?"

மெர்வின் கோபப்படவில்லை. பதில் சொல்லவேண்டிய கேள்விதான் என்று நினைத்தவர்போல் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"ஹார்ஷம்ல இருக்கானே, என் அண்ணன் மகன் கீத். அவனுக்குப் போயிருக்கும்."

"கீத் டயர் கடை வச்சிருக்கான்பா."

"பழகிக்குவான். ஹால்டேன் பேருள்ளவன்தானே."

ஜில்லியனும் அந்தப் பேருள்ளவள்தான் என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவேயில்லை. மறைத்து வைத்தாரென்றால் கோபித்துக்கொள்ளலாம். அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் மனசில் இருந்ததே அவ்வளவுதான். ஜில்லியன் பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க எழுதுறத எழுதுங்கப்பா. நான் போடல."

"நீ போடாட்டியும் நடக்கும், ஜில். வழக்கு கிழக்குன்னு வரக்கூடாதேன்னுதான் வக்கீல் கேட்டாரு."

"தெரியும். நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகப்போறதில்ல. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

மெர்வின் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அவகிட்ட. உங்கப்பா கேட்டப்போ நீ போட்டியா இல்லியா?"

ஜாய்ஸ் தொட்டியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். "போட்டேன்," என்றாள்.

"கேட்டியா?"

"போட்டுட்டு மறுவாரம் அம்மாவப் பாக்கப் போனேன். எனக்கு விருந்தாளி கப்புல டீ குடுத்தாங்க." அவள் இன்னொரு தட்டை எடுத்தாள். "அதுல நான் அதுக்கு முன்னாடி குடிச்சதே இல்ல."

மேலே ஏதாவது சொல்வாள் என்று மெர்வின் காத்திருந்தார். அவள் குழாயைத் திறந்தாள்.

மே மாதம் நிலம் ரஸ்ஸல் பேருக்குப் பதிவாயிற்று. ஜில்லியன் கையெழுத்துப் போடாததால் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடிந்திருக்கவில்லை. பேச்சு முட்டிக்கொண்டால் வேலையைப் பற்றிப் பேசுவது அந்த வீட்டுப் பழக்கம். மெர்வின் வேறொரு தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார். சோதனை முடிந்து அவர்கள் படைக்கு இருபது கோட்டுகள் அனுமதியாகியிருந்தன.

"மார்பளவு சொல்றேன், எழுதிக்க. டிரெவர், நாற்பத்தெட்டு. அவனுக்கு மொதல்ல தை. ரஸ்ஸல், நாற்பத்திரண்டு. எனக்கு நாற்பத்து நாலு."

ஜில்லியன் எழுதினாள். அது அவள் வேலை. ஒவ்வொரு பெயராக அவர் வாசித்தார். அவள் எழுதிக்கொண்டே போனாள். வாசித்து முடித்து அவர் தாளை மடித்தார்.

"ஜாய்ஸ், நாற்பது," என்றது தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மெர்வின் கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எதுக்கு? நீ ரேடியோகிட்ட உக்காந்திருக்கறவ."

"உக்காந்தது போதும்."

"உனக்கு அறுபது வயசு, ஜாய்ஸ்."

"உங்களுக்கு அறுபத்து மூணு."

"வண்டியில பொம்பளைங்க ஏறினதில்ல. மேலிடத்துல உன் பேர அடிச்சிருவாங்க."

"அடிச்சுட்டுப் போகட்டும். நீ எழுது, ஜில்."

ரஸ்ஸல் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. 'ஜாய்ஸ் ஹால்டேன், 40' என்று எழுதினாள். பெண்ணுடம்புக்கு அந்தத் துணியை வெட்ட ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரிகூட இல்லை என்பது எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாற்பத்தொரு துணி ஒட்டியவள், ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"கைநீளம் வேணும்மா. தோளும் இடுப்பும்கூட."

ஜாய்ஸ் ஈரக் கையை ஏப்ரனில் துடைக்காமலே நீட்டினாள்.

"இருபது கோட்டுதானே வருது," என்றார் மெர்வின்.

"நீங்க வாசிச்சது பத்தொன்பது பேர்," என்றாள் ஜாய்ஸ்.

அவர் மடித்த தாளை மறுபடி பிரித்தார். இருபதாவதாக ஓர் ஆண்பிள்ளை எங்காவது விட்டுப்போயிருப்பானோ என்று, முதல் பெயரிலிருந்து விரல் வைத்துத் தேட ஆரம்பித்தார்.