மாரிச்சாமியின் நாற்பது கட்டு ஓலை

விகாரி வருஷத் தை மாதம் செட்டியார்பட்டி கீழத்தெருவில் எல்லோரும் தீயோலை சுமந்தார்கள், மாரிச்சாமியைத் தவிர. வீட்டுக்கு இருபது கட்டுப் பனையோலை. ஓடைக்கு அக்கரை மேட்டில் கொண்டுபோய் அடுக்க வேண்டும். எவன் கூரை எரிந்தாலும் அதிலிருந்து எடுத்து, தெருவே கூடி ஒரே நாளில் வேய்ந்து கொடுக்கும். பதினோரு வருஷம் அவனும் சுமந்தான். ஒரு பொறிகூட அவன் கூரையில் விழவில்லை. கண்டவன் வீட்டுக்காகவா நாம் முதுகொடிகிறோம் என்று அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவன் பெண்சாதி சீனியம்மாள் மன்றாடினாள். பங்குனியில் மகள் பரிபூரணம் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், இந்த வருஷமா இந்த வீம்பு என்று கேட்டாள்.

"நம்ம ஓலை நம்மகிட்டயே இருக்கட்டும்ட்டி. எரிஞ்சா நானே வேய்ஞ்சுக்கிடுதேன்."

வீடு முழுக்க வேய நாற்பது கட்டு வேண்டும். நாற்பதையும் சேர்த்து, பின்சுவரை ஒட்டி அழகாக அடுக்கினான். கெட்டிக்காரன்தான். ஓடை தாண்டிச் சுமக்கிறவர்களைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, மகளைக் கூட்டிவர சீனியம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். உச்சிவேளையில், மூன்றாம் வீட்டில் நெல் அவித்த அடுப்பிலிருந்து காற்றில் பறந்த பொறி அந்த ஓலைக் குவியலில் விழுந்தது. குடத்தைத் தூக்குவதற்குள் குவியலும் வீடும் பக்கத்து வீட்டுக்காரி மாரியாத்தாளின் வீடும் சாம்பல். ஓலையை ஏன் ஓடைக்கு அப்பால் வைத்தார்கள் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

பொழுது சாய, தெருவே மாரியாத்தாள் வீட்டுக்கு ஓலை சுமந்தது. மாரிச்சாமி தெருப் பெரியவர் பொன்னுராஜின் காலில் விழுந்தான். பத்துக் கட்டாவது போதும், பிள்ளைத்தாய்ச்சி படுக்க ஒரு மூலையை மூடிக்கொள்கிறேன் என்று அழுதான். பெரியவருக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

"உனக்குக் குடுத்தா, வார தையில எவன்லே கொண்டாந்து அடுக்குவான்?"



தூரத்தில் மாட்டுமணி கேட்டது. மாரிச்சாமி ஓடிப்போய், தெரு முனையிலேயே வண்டியை மறித்தான். சீனியம்மாள் புகையைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் புரியாத மகள், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். அவன் குறுக்கே கை நீட்டினான்.

"எறங்காத தாயி."

தலைப்பிரசவத்துக்கு வந்த மகளைத் தாய்வீட்டு மண்ணை மிதிக்கவிடாமல் அனுப்பிய தகப்பன் அந்த வட்டாரத்தில் எவனும் கிடையாது. மாரிச்சாமி வண்டிக்காரனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வண்டியத் திருப்புய்யா."