உட்கார இடமில்லாத பாட்டுகள்

இறந்த பதினேழாம் நாள், வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவாளன், தான் பிறப்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பதிவான இசைத்தட்டு ஒன்றில் இருமினான். இரண்டு இருமல், நடுவில் ஒரு மூச்சு. நள்ளிரவு நிகழ்ச்சியைக் கேட்கிற அத்தனை பேருக்கும் அந்த இருமல் பழக்கம். அவனுடைய அக்கா ஒலிவாங்கியில் பேசும்போதெல்லாம் ஆறு ஆண்டுகளாகப் பின்னால் கேட்டதுதான். அவன் இறந்த செய்தி வானொலியிலேயே சொல்லப்பட்டிருந்ததால் அதைப் பற்றி யாரும் மறுபடி விசாரிக்கவில்லை. முதலில் தொலைபேசியில் வந்த ஆஸ்பத்திரி நர்ஸ், "தம்பிக்கு இன்னும் சளி கரையலையா? வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க" என்றாள். "சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த தட்டை ஏற்றினாள். முள் ஓரமாக விழுந்தது.

வாரத்தில் ஐந்து நாள், பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை நடக்கும் நிகழ்ச்சி அது. மற்ற நிலையங்கள் தொடாத இசைக்கு மட்டும்தான் அதில் இடம். இரும்புக் குழாய்களைத் தட்டி வாசித்தவர்கள், ஒற்றைக் கம்பியை ஒரு மணி நேரம் இழுத்தவர்கள், குளியலறையில் பாடி டேப்பில் பதிந்து தபாலில் அனுப்பியவர்கள். "தூக்கம் வராதவங்களுக்குன்னு ஆரம்பிச்சோம். இதைக் கேட்டா வர்ற தூக்கமும் ஓடிடும்" என்று நிலைய மேலாளர் புலம்புவார். ஆனால் காவலாளிகளும் ரொட்டி சுடுகிறவர்களும் டாக்சி ஓட்டுகிறவர்களும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை. பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது பிற்பகல் வேலை. மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத தட்டு அறையில், அக்கா முப்பது தட்டுகளைத் தரையில் பரப்புவாள். ஒவ்வொன்றிலும் தொடக்கத்தையும் முடிவையும் கேட்டுப் பார்த்துப் பதினொன்றாகக் குறைப்பாள். எது முடிந்தால் எது தொடங்கலாம் என்பதுதான் அவளுக்குப் பெரிய பாடு. தம்பி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு புருவத்தாலேயே தீர்ப்புச் சொல்வான்.

அவன் இறந்த அன்று பத்துப் பாட்டு சேர்ந்துவிட்டது. பதினொன்றாவதாக வீட்டில் இருந்த ஒரு தட்டுதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். "இங்க நாலாயிரம் ரெக்கார்டு கிடக்கு. அதுதான் வேணுமா?" என்றான். அதுதான் வேண்டும் என்றாள். தலையில் அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துப் போனான். தட்டுடன் திரும்பி வரும்போது ஒரு லாரி இடித்தது. தட்டில் கீறல்கூட இல்லை. உறையின் மூலையில் மட்டும் தார் ஒட்டியிருந்தது. போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்தத் தட்டை அக்கா அலமாரிக்குப் பின்னால் செருகினாள். டீ குடிக்கப் போனான் என்று எல்லோரிடமும் சொன்னாள். அவன் மனைவியிடமும் அதையேதான் சொன்னாள்.

இருமல் தொடங்கிய ஒரு மாதத்திற்குள், தம்பி எங்கே இருப்பது என்பது தன் கையில்தான் இருக்கிறது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் போடுகிற பாட்டுக்குள் அவன் இருந்தாக வேண்டும். பாலைவனக் காற்றைப் பதிந்த தட்டைப் போட்டபோது அவன் செருப்பு மணலில் புதைந்து புதைந்து எழும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிட மழை ஒன்றைப் போட்டாள். பிறகு நான்கு நாள், எந்தப் பாட்டானாலும் நடுநடுவே தும்மினான். சனி, ஞாயிறு நிகழ்ச்சி கிடையாது என்பதால், வெள்ளிக்கிழமை கடைசியாக ஒலித்த பாட்டிலேயே அவன் இரண்டு நாள் கிடக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை யோசிக்காமல் உருக்காலை இரைச்சலில் முடித்துவிட்டாள். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை முதல் பாட்டில், இரைச்சலில் தலை சுற்றியவன் போல அவன் எதிலோ மோதிக்கொண்டு நடப்பது கேட்டது. அதற்குப் பிறகு அவள் ரசிகர்களுக்காகப் பாட்டுத் தேடவே இல்லை.

ஐந்தாம் மாதம் தம்பி மனைவி மூன்று மாடி ஏறி வந்தாள். திரைச்சீலை தைக்கிறவள். வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து பழகியதில், ஒரு அறைக்குள் யாராவது கைதட்டினால் அதன் நீள அகலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

"தினமும் கேக்கறேன் அண்ணி" என்றாள். "அவருக்கு முழங்கால் வலின்னு உங்களுக்குத் தெரியாதா? நின்னுக்கிட்டே இருக்காரு. நீங்க போடற பாட்டுல உட்கார இடமே இல்லை."

அக்கா நகர்ந்து தரையில் இடம் விட்டாள். அன்று முதல் இருவரும் சேர்ந்து தேடினார்கள். தம்பி மனைவி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்பாள். இது பெரிய கூடம், ஆனால் தரை ஈரம் என்பாள். இது சின்ன அறை, மேஜை இருக்கிறது, நாற்காலியில் துணி குவிந்திருக்கிறது என்பாள். நாலாயிரத்தில் ஆயிரத்து எண்ணூறு தட்டுகள் இப்படிக் கழிந்தன. ஒருநாள் மேல் அடுக்கில் இருந்த தட்டை எட்டி எடுக்கப் போன தம்பி மனைவி அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, தார் ஒட்டிய உறையை இழுத்தாள்.

"இது என்ன அண்ணி, ரோட்டுல விழுந்த மாதிரி இருக்கு?"

அக்கா சொல்லிவிட்டாள். டீ குடிக்கப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன், இதற்காகத்தான் அனுப்பினேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

தம்பி மனைவி உறையின் தாரை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. "பத்துப் பாட்டு போதலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்றிரவு எந்தப் பாட்டிலும் தம்பி இல்லை. மறுநாளும் இல்லை. மழையைப் போட்டாள், மணலைப் போட்டாள், அந்த உருக்காலையைக்கூடப் போட்டுப் பார்த்தாள். பாட்டுகள் தட்டில் பதிந்தபடியே ஒலித்தன, அதற்கு மேல் ஒரு மூச்சும் இல்லை. நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டு, தம்பிக்குச் சளி கரைந்துவிட்டதா என்று கேட்டாள். இப்படி இருபத்துமூன்று நாள். இறந்தபோதுகூட அவன் இவ்வளவு தூரம் போகவில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

இருபத்துநான்காம் நாள் இரவு, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே தம்பி மனைவி உள்ளே வந்தாள். வெறுங்கையோடு வந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அதைப் போடுங்க. எடுத்துட்டு வரத்தானே போனாரு. வந்து சேரட்டும்."

யாரோ ஒருவர் தன் வீட்டில் தனியாக வயலின் வாசித்துப் பதிந்த தட்டு அது. முதல் சில நிமிடங்கள் வயலின் மட்டும் கேட்டது. தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "பத்துக்குப் பன்னிரண்டு. ஒரே ஜன்னல். நாற்காலி ரெண்டு இருக்கு, ஒண்ணு காலி" என்றாள். பிறகு தட்டுக்குள் படிகளில் காலடி கேட்டது. முதல் மாடி. இரண்டாம் மாடியில், எப்போதும் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நிறுத்தத்தை இருவரும் எண்ணினார்கள். மறுபடி காலடி. கதவு திறந்தது. வயலின்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. நாற்காலி ஒருமுறை முனகியது, பின்பு நெடுநேரம் பிடித்துவைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிவாங்கி திறந்திருந்தது, நகரத்தில் விழித்திருந்த எல்லோரும் அவள் அழாததைக் கேட்டார்கள். தம்பி மனைவி அவள் தோளில் கை வைத்தாள். மன்னித்தாளா என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து பாட்டு எடுத்துக் கொடுப்பதை நிறுத்தவும் இல்லை.

அதன்பின் தம்பி வேறு தட்டுக்குப் போகவில்லை. என்ன போட்டாலும் ஒன்றரை மணிக்கு அந்த வயலினில் பத்து நிமிடம் போட வேண்டும் என்பது நிலையத்தின் வழக்கமாகிவிட்டது; மேலாளர் மாறியபோது புதியவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். வேறு ஊர்களில் இதே தட்டை வைத்திருந்தவர்கள், தங்கள் பிரதியிலும் யாரோ தொண்டையைச் செருமுவதாக எழுதினார்கள். அச்சிட்ட பதில் ஒன்று அவர்களுக்கு அனுப்பப்பட்டது. ஏழாம் ஆண்டு தம்பி மனைவி ஒரு பேருந்து ஓட்டுநரை மணந்துகொண்டாள். திருமணத்துக்கு வந்திருந்த அக்கா, தயங்கித் தயங்கி, தம்பி ராத்திரி ரேடியோவில் வருவது தொந்தரவாக இருக்காதே என்று ஓட்டுநரிடம் கேட்டாள்.

"இதுல என்னங்க தொந்தரவு?" என்றார் ஓட்டுநர். "அவரு அங்க உட்கார்ந்திருக்காரு, நான் இங்க படுத்திருக்கேன்."

காலை முதல் பேருந்து அவருடையது, சீக்கிரம் தூங்கியாக வேண்டும். என்றாலும் ஒன்றரைக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கிற மனைவிக்குக் கேட்கும்படி ரேடியோவைச் சற்றே கூட்டிவைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.