வெள்ளக்கடையில் சாத்திய கதவு

அன்று கொட்டச்சேட்டில் அங்கப்பன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் அங்கப்பன், அவர் மனைவி முத்தாயி, இறந்துபோன தம்பியின் மகள் கௌரி, அவளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்த செம்மநத்தம் முருகன், அவர் மனைவி செல்லி. ஐந்தே பேர். ஆறாவதாகத் தானும் இருந்ததாக எவன் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

அங்கப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மலைக்கு மேல் மேகம் கறுத்தது. அதைப் பார்க்கிற சாக்கில் எழுந்து வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

“புள்ளைக்கு என்ன வேலைங்க?” என்றாள் செல்லி.

“சமூகப் பணிங்க,” என்றாள் கௌரி.

“சேவைதானே? சும்மா செய்யறது.”

“சும்மா செய்ய சேலத்துல ரெண்டு வருசம் படிக்கோணுங்களா? சம்பளம் தர்றாங்க. கஷ்டத்துல இருக்கறவங்க சொல்றதைக் கேட்டு, அவங்களே ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் கூட நிக்கறதுங்க.”

“கதை கேக்கறதுக்கு ஒரு படிப்பு!” முருகன் சிரித்தார். “எங்க செல்லி படிக்காமயே கேக்கறா.”

“நாங்க கேட்டது வெளிய போகாதுங்க.”

செல்லியின் முகம் சுண்டியது. “அப்படியா சாமி? வெள்ளக்கடையில கல்யாணமாகாத பையன் இருக்கற ஊட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினியாமே. எதுக்குப் போன?”

“வேலையாத்தானுங்க. அதுக்கு மேல சொல்லக்கூடாதுங்க.”

“சொன்னாத்தான் சம்மந்தம்,” என்றார் முருகன்.

அங்கப்பன் கௌரியை அடுப்படிக்கு அழைத்துப் போனார். “எனக்கு மட்டும் சொல்லு கண்ணு. ஒத்தை வார்த்தைல அவங்க வாயை அடைச்சிர்றேன். நமக்கு மானம் நொம்பப் பெருசு.”

“அந்த வெள்ளக்கடை ஊட்டுக்காரங்களுக்கும் அப்படித்தானுங்க பெரியப்பா. நம்ம ஊட்டுச் சங்கதியை ஒருத்தி கேட்டுட்டுப் போயி நாலு பேருகிட்டச் சொன்னா உடுவீங்களா?”

“காலை ஒடிப்பேன்!”

சொன்னது அவருக்கே உறைத்தது. துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.

“இந்த எடம் போனாப் போகட்டுமா கண்ணு?”

“போகட்டுங்க.”

கூடத்துக்கு வந்தவர் உட்காரவில்லை.

“சொன்னாளா?” என்றார் முருகன்.

“சொல்லலைங்க. சொல்லவும் மாட்டா. எங்க ஊட்டுப் புள்ளை.”

“அப்ப வேலையை உடச் சொல்லுங்க. மத்ததைப் பேசலாம்.”

“காப்பி ஆறுதுங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க. இந்தச் சம்மந்தம் எங்களுக்கு வேண்டாம்.”

அவர்கள் வண்டி வளைவு திரும்புவதற்குள் தூறல் விழுந்தது. பெரியப்பனும் மகளுமாக மிளகை வாரினார்கள்.

செம்மநத்தத்தார்தான் பெண் வேண்டாமென்று எழுந்து போனதாக ஏற்காடு பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வேண்டாம் என்றவர் அங்கப்பன்.