ஆறடிக் கொட்டகை

எண்பத்தாறாம் வருடம் லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், முதன்முதலாகப் புதுக்கார் வாங்கியது என் வீட்டுக்காரர் கணேசமூர்த்திதான். ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டர். காரைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். நான் கேட்கமாட்டேன். எனக்கு அப்போது ஏழு மாதம்.

காரே அந்த வயிற்றுக்காகத்தான். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள். இரண்டு முறையும் வலி கண்டபோது தோட்டத்து ரப்பர்ப் பால் லாரி வெளியே போயிருந்தது. அது திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டும் அழவே இல்லை.

சிரம்பான் கார்க் கடையில் கொடுத்த வழவழப்பான தாளை மேசையில் விரித்துவைத்து, சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் படிப்பார்.

“சாகா காருல ரெண்டு விதமா இஞ்சின் இருக்கு புள்ள. ஒன் பாயிண்ட் த்ரீ, ஒன் பாயிண்ட் ஃபைவ். பெரிசுதான் எடுக்கணும்லா. மேட்டுல மூச்சு வாங்காது.”

“மூச்சு வாங்குறது நானு. நேரத்துக்குப் போய்ச் சேந்தா சரி.”

“அதுக்குத்தானே பெரிசு!”

பெரிய இஞ்சினே வந்தது. நீளம் பதின்மூன்றரை அடி, அகலம் ஐந்தடி நாலங்குலம், கொஞ்சம் கூட இருக்கும். மழை வெயில் படாமல் நிறுத்த வீட்டை ஒட்டிக் கொட்டகை கட்ட வேண்டும் என்றார். அங்கேதான் சனி பிடித்தது. அளவு கேட்க மாரியம்மன் கோயில் பண்டாரம் சன்னாசியைக் கூட்டிவந்தார். சன்னாசிக்குக் கார் தெரியாது, மனையடி சாஸ்திரம் தலைகீழ்ப் பாடம்.

“அகலம் எட்டடி போடு, நல்ல அளவு.”

“எட்டு போட்டா சாக்கடை மேல நிக்கும். மானேஜர் விடமாட்டான். ஏழு போடலாமா?”

“ஏழு தரித்திரம்பா. எதுவும் தங்காது.”

எதுவும் தங்காது என்றதும் இவர் முகம் செத்துப்போயிற்று. சன்னாசி நல்ல அளவு என்று சொன்ன ஆறடி அகலம், பதினாறடி நீளம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

“கதவத் தொறந்து எப்படி எறங்குவீங்க?” என்று கேட்டேன்.

“கார் உள்ள போவுதா இல்லையா? நீ சும்மா இரு.”

சும்மா இருந்தேன். மூன்று பக்கமும் செங்கல் சுவர் எழும்பியது. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, காரை உள்ளே ஓட்டிப்போனார். போனவர் வரவில்லை. கதவு நாலு விரல் திறந்து சுவரில் இடித்தது. லயமே கூடிச் சிரித்தது. பக்கத்து வீட்டு ராக்கம்மா என்னைப் பார்த்து, “அண்ணனுக்கு உள்ளாறயே சோறு குடுத்துரு பஞ்சாலை!” என்றாள். சிவந்த முகத்தோடு பின்னுக்கு எடுத்து வெளியே வந்தார்.

அதன்பின் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசலிலேயே இறங்கி, கியரை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து உள்ளே தள்ளுவார். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். வெளியே எடுக்கப் பின்பக்கம் கயிறு கட்டி, முரண்டு பிடிக்கும் மாட்டை இழுப்பதுபோல் இழுப்பார். கூட ஓர் ஆள் வேண்டும்.

“ஒரு பக்கத்த இடிச்சுத் தொலைங்க,” என்றேன்.

“நல்ல அளவு புள்ள. பொறக்கட்டும், இடிச்சிரலாம்.”

கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் மறுபடி சொல்ல எனக்கே பயமாக இருந்தது.

வலி கண்டது ஒரு காலைப்பொழுது. ஆண்களும் பெண்களும் பால் எடுக்க மரம் வெட்டப் போயிருந்தார்கள். ராக்கம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அவருக்கு லீவு நாள், அதுவரை நல்ல காலம். முதல் நாள் மழையில் கொட்டகை வாசல் சேறாகிக் கிடந்தது. கயிற்றைக் கட்டி இழுத்தார். கால் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்து இழுத்தார். கார் ஒரு முழம் நகர்ந்து, திரும்ப உள்ளே போய்விட்டது.

“யாராச்சும் இருக்கீங்களா!” என்று கத்தினார். நாய்தான் குரைத்தது.

பனிக்குடம் உடைந்து காலெல்லாம் ஈரம். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் போகப்போகிறது. இவரும் இவர் ஆறடியும் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே எழுந்துபோய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தேன்.

“வேணாம் புள்ள! வேணாம்!”

“வாய மூடிக்கிட்டு இழுங்க!”

சுவரில் சாய்ந்துகொண்டு, வலி வரும்போதெல்லாம் இழுத்தேன். வலிக்கும் அது தோதாகத்தான் இருந்தது. கார் உரசிக்கொண்டே வெளியே வந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. மேட்டில் அந்த இஞ்சின் மூச்சு வாங்கவில்லை. ஆனால் வழியில் சுவா ஊரைத் தாண்டியதும் என்னால் முடியவில்லை. பின்சீட்டிலேயே பிறந்துவிட்டது. சாரோங் துணியில் வாரி எடுத்தேன். சத்தமே இல்லை.

“அழுவுதா?” என்றார் ரோட்டைப் பார்த்தபடியே.

கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன்.

“பஞ்சாலை, அழுவுதான்னு கேக்குறேன்!”

இன்னும் ஓங்கித் தட்டினேன். கொஞ்சம் இருமல், பிறகு வீல் என்று ஒரே கத்தல்.

கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக் கிழித்தது. இவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தார், தோள் குலுங்கியது. குழந்தை மூச்செடுக்க ஒரு நொடி அழுகையை நிறுத்தியது. உடனே தலையைத் தூக்கினார்.

“நிறுத்தவிடாத புள்ள,” என்றார். “ஆஸ்பத்திரி போற வரைக்கும் அழ வை.”